அதை ஏன் கேக்கறீங்க

எழிலரசியின் ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் ஒரு நீலப் பெட்டி இருக்கும். முதல் நாள் அவள் பனங்கொட்டாய்க்குள் நுழைந்தபோது குச்சி ஐஸ் விற்க வந்தவள் என்று நினைத்து ஊர்ப் பிள்ளைகள் தெருக்கோடி வரை துரத்தி வந்தார்கள். பெட்டிக்குள் ஐஸ் இருந்தது உண்மைதான். அந்த ஐஸுக்கு நடுவே விரல் நீளக் குழாய்களில் சேரப்போவது இரண்டு வயதுக் குழந்தைகளின் ஆயி. விஷயம் தெரிந்ததும் துரத்தியவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே ஓடினார்கள். அன்றிலிருந்து பாப்பாரப்பட்டிச் சாலையில் அவள் வண்டிச் சத்தம் கேட்டாலே போதும். "ஆயிக்கா வருது, ஆயிக்கா வருது" என்று முன்னால் ஒரு கூட்டம் அறிவித்துக்கொண்டு போகும்.

அவளுக்கு அதில் வருத்தமில்லை. மைக்ரோபயாலஜி படித்தவள். கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் மேல் அவளுக்குச் சிறு வயதிலிருந்தே ஒரு மயக்கம் உண்டு. சென்னையிலிருந்து வந்த ஆராய்ச்சிக் குழு, ஊர் ஊராகப் போகத் தருமபுரி மாவட்டத்திலேயே ஒரு பெண் வேண்டும் என்று கேட்டபோது, தன் ஊரான மொரப்பூரிலிருந்து ஓடிப்போய் முதல் ஆளாக நின்றாள். குழு தேடியது இதைத்தான். ஒரு குழந்தையின் குடலில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவை எத்தனை வகை என்பதற்கும் அந்தக் குழந்தையின் சுபாவத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? வெளிநாட்டில் பார்த்ததில், பல வகை உயிர்கள் வயிற்றில் உள்ள குழந்தைகள் கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பதாகவும் புது ஆட்களிடம் சட்டென்று ஒட்டிக்கொள்வதாகவும் தெரிந்ததாம். களியும் கூழும் தின்று ஆட்டுக்குட்டியோடு புரளும் நம் குழந்தைகளிடமும் அப்படித்தானா?

இதைக் கேட்ட நாளிலிருந்து எழிலரசிக்குக் குழந்தைகளைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. பஸ்ஸில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதால், இப்போது அழுவது அதுவா, அதற்குள் இருப்பவர்களா என்று யோசிப்பாள். தனக்குக் கோபம் வந்தாலும் அதே சந்தேகம்தான்.

வேலை இரண்டு பாகம். ஒன்று, குழாயில் சாம்பிள் வாங்குவது. இன்னொன்று, அச்சடித்த தாளிலுள்ள கேள்விகளை அம்மாக்களிடம் வாசித்து, சொல்லும் பதிலை அப்படியே குறிப்பது. எதற்கு என்று கேட்கிறவர்களிடம், வயிற்றில் இருக்கும் பூச்சிகள்தான் பிள்ளையைச் சிரிக்க வைக்கிறதா என்று பார்க்கத்தான் என்பாள்.

சுகுணா வீட்டில் இப்படி நடந்தது.

"உங்கள் குழந்தை பெரும்பாலான நேரம் மகிழ்ச்சியாகக் காணப்படுகிறதா? எப்போதும், அடிக்கடி, சில நேரம், அரிதாக."

சுகுணா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "எங்கங்க? எப்பப் பாரு அழுவைதான்."

அவள் மகன் குரு அந்நேரம் நீலப் பெட்டியின் மேல் குதிரை ஏறி உட்கார்ந்து, ஹேய் ஹேய் என்று கத்திச் சிரித்துக்கொண்டிருந்தான். கன்னத்தில் ஒரு மைப்பொட்டு. போதாதென்று உள்ளங்காலில் இன்னொன்று.

"உணவை விரும்பி உண்கிறதா?"

"ஒரு வாய் எறங்காதுங்க மேடம்."

குரு இறங்கி வந்து, தட்டிலிருந்த களியை இரண்டு கையாலும் அள்ளினான். எழிலரசி அவனைப் பார்த்தாள், சுகுணாவைப் பார்த்தாள். அம்மா சொல்வதைத்தான் எழுத வேண்டும் என்பது விதி. 'அரிதாக' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள்.

தெருவின் கடைசி வீடு ராஜமேரியுடையது. அவள் கணவன் சவரி பாலக்கோட்டுக்குத் தக்காளி வண்டி ஓட்டுகிறவன். வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் ஃபினாயில் வாசனை மூக்கில் ஏறியது. துடைத்துத் துடைத்துப் பளபளத்த சிமெண்டுத் தரையில் பாய் விரித்து, அதன் நடுவே மகள் ஆக்சிலியாவை உட்கார வைத்திருந்தாள். கேள்விகளுக்கு ராஜமேரி சொன்ன பதிலும் மற்றவர்கள் சொன்னதுதான். சிரிப்பது அரிது. சாப்பிடுவது அரிது. எழிலரசிக்கு வித்தியாசமாக எதுவும் படவில்லை. குழாயை மட்டும் அவள் வெள்ளைத் துணியில் சுற்றி, கோயில் பிரசாதம் போல நீட்டினாள்.

"இத டெஸ்ட் பண்ணி எங்களுக்கு சொல்வீங்களா? இவ வவுத்துல என்னா இருக்குது, என்னா இல்லைன்னு?"

"கண்டிப்பா சொல்வோங்க்கா."

அப்படி ஒரு ஏற்பாடு திட்டத்தில் உண்டா என்றுகூட எழிலரசிக்குத் தெரியாது. வாயில் வந்துவிட்டது. ராஜமேரி வண்டி வரைக்கும் கூடவே வந்தாள். "மறக்காம சொல்லுங்க. போன் நம்பர் குறிச்சிக்கிட்டீங்கல்ல?" என்று திரும்பவும் கேட்டாள்.

சில வாரம் கழித்துச் சென்னையிலிருந்து போன் வந்தது. குழுவை நடத்துகிற டாக்டர் பிரியதர்ஷினி. நல்ல மாதிரியானவர்தான். அன்றைக்குக் குரலில் சுரத்தே இல்லை.

"எழில், கோச்சுக்காம பதில் சொல்லு. பனங்கொட்டாய் தாளெல்லாம் நீயே ஒரு இடத்துல உக்காந்து டிக் அடிச்சியா?"

எழிலரசிக்கு முகம் சுட்டது. "இல்ல மேடம். வீடு வீடா போனேன்."

"எல்லாக் குழந்தையும் சிரிக்கறதில்ல. எல்லாக் குழந்தையும் சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல, யார்கிட்டயும் போறதில்ல. ஒரு ஊரே இப்படி இருக்குமா? அப்படி இருந்தா நான் உடனே டாக்டருங்களோட அங்க வரணும்."

"அவங்க சொன்னதத்தான் எழுதினேன் மேடம்."

"இருக்கலாம். ஆனா இத வச்சிக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. இந்த வாரத்துக்குள்ள சரியான பதில் வரலன்னா அந்த ஊரையே பட்டியல்லருந்து எடுத்துடுவோம்."

"சாம்பிளு?"

"சுபாவம் தெரியாத சாம்பிள வச்சி என்ன பண்றது? அதையும் கொட்டிடுவாங்க."

போனை வைத்த பிறகு எழிலரசிக்கு முதலில் அழுகை வந்தது. பொய்க்காரி என்று பெயர் வாங்கிவிட்டோமே என்ற அழுகை. அது அடங்கியதும், வெள்ளைத் துணியில் சுற்றிய அந்தக் குழாய் கண்ணில் வந்து நின்றது. எங்கோ ஒரு குளிர்பெட்டியில் இருக்கும் அதை யாரோ எடுத்துக் கொட்டப் போகிறார்கள். 'கண்டிப்பா சொல்வோங்க்கா' என்று அவள் சொன்ன சொல்லும் அதோடு போகும்.

அன்று மாலை மொரப்பூரில் வண்டியை நிறுத்தும்போது, அம்மா தீர்த்தம்மாள் பக்கத்து வீட்டுக்காரியோடு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

"எழிலுக்கு நல்ல வேலையாமே தீர்த்தா? வண்டியில போவுது, வண்டியில வருது?"

"அட நீ ஒண்ணுக்கா. பெரிய வேலையைக் கண்ட. ஊரூரா போயி கொழந்தைங்க பீயப் பொறுக்கிட்டு வருது. அதுக்கு ஒரு படிப்பு வேற."

எழிலரசி ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே போனாள். அம்மா பின்னால் வந்ததும் வெடித்தாள். "உனக்கு என் வேலையப் பாத்தா அவ்ளோ கேவலமா இருக்குதா?"

"கேவலமா? யாரு சொன்னது?" அம்மா அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் எதையோ துழாவினாள். "பின்ன என்னா, எம் பொண்ணு மகாராணியாட்டம் போயி மகாராணியாட்டம் சம்பாதிச்சுட்டு வரான்னு சொல்லச் சொல்றியா? அவ கண்ணு என்னா கண்ணுன்னு தெரியுமா? போன மாசம் நம்ம எருமைய பாத்து, 'நல்லா கறக்குமாட்டம் இருக்குதே'ன்னா. மறுநாளே அது சொம்ப எட்டி ஒதைச்சுது. ஹெல்மெட்ட கழட்டு. கெழக்கப் பாத்து உக்காரு."

அம்மாவின் உள்ளங்கையில் கல்லுப்பும் காய்ந்த மிளகாயும் இருந்தன. வலமாகவும் இடமாகவும் எழிலரசியின் தலையைச் சுற்றி, முகத்துக்கு நேரே காட்டித் துப்பச் சொல்லி, அடுப்பில் போட்டாள். மிளகாய் படபடவென்று வெடித்தது. எழிலரசி கண்ணில் நீர் வர இருமினாள்.

"பாத்தியா, நெடியே வரல. அத்தனையும் கண்ணு" என்றாள் அம்மா, தானும் இருமிக்கொண்டே.

இருமலுக்கு நடுவே எழிலரசிக்குக் குருவின் உள்ளங்கால் ஞாபகம் வந்தது. அந்த மைப்பொட்டு. களி வழிகிற வாயைத் துடைத்துக்கொண்டே, ஒரு வாய் எறங்காதுங்க என்ற சுகுணா. தெரியாத ஒருத்தி, சென்னைக்காரர்கள் அனுப்பியவள், கையில் பேனாவோடு வந்து வீட்டு வாசலில் நின்று, உங்கள் குழந்தை மகிழ்ச்சியாக இருக்கிறதா என்று கேட்கிறாள். ஆமாங்க, எப்பவும் சிரிச்சிட்டேதான் இருக்கும், தட்டு நெறைய சாப்புடும் என்று எந்த அம்மா வாயால் வரும்? அதுவும் எழுதி வேறு வைத்துக்கொள்கிறாள். போயும் போயும் கண்ணை ஊருக்குள் கூப்பிட்டு உட்கார வைக்கிற கேள்வி.

இதே மண்ணில் பிறந்தவள்தான் அவளும். இருந்தும் அச்சடித்த தாளைக் கையில் வாங்கியதும் தாள் பேசுகிற பாஷை அவளுக்குள் புகுந்துகொண்டது. அவள் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா பயந்துபோய் இன்னும் இரண்டு மிளகாயை எடுத்தாள்.

மறுநாள் காலை போனில் இதைக் கேட்ட டாக்டர் பிரியதர்ஷினி வாய்விட்டுச் சிரித்தார். "எங்க அம்மா இன்னும் சொந்தக்காரங்ககிட்ட, 'அவ என்னவோ ஆஸ்பத்திரியில இருக்கா'ன்னுதான் சொல்றாங்க. நோயாளியா இருக்கேன்னு பாதிப்பேர் நெனச்சுக்கிட்டிருக்காங்க." அப்புறம் டாக்டர் குரலுக்குத் திரும்பினார். "ஆனா ஒண்ணு எழில். கேள்விய நம்ம இஷ்டத்துக்கு மாத்தினா மத்த ஊருங்களோட எப்படி ஒப்பிடறது? பழைய பதில் அப்படியே கிடக்கட்டும். நீ உன் வழியில கேட்டு அதைத் தனியா எழுது. குழந்தைங்க விளையாடறதையும் நீயே உக்காந்து பாத்து எழுது. எது எதோட ஒத்துப்போகுதுன்னு பாக்கலாம்."

பனங்கொட்டாயில் அது தக்காளிச் சமயம். ஊருக்கு வெளியே தார்ப்பாய்ப் பந்தல் போட்டு, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பழம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நல்லது ஒரு பிளாஸ்டிக் கிரேடுப் பெட்டியில், அடிபட்டது இன்னொரு பெட்டியில். குழந்தைகள் சுற்றிலும் மண்ணில் புரண்டன. எழிலரசி பெட்டியையும் தாளையும் வண்டியிலேயே விட்டுவிட்டு, வட்டத்துக்குள் புகுந்து உட்கார்ந்து ஒரு தக்காளியைக் கையில் எடுத்தாள்.

"சுகுணாக்கா, உங்க குரு பய என்னாக்கா பாடு படுத்தறான்?"

"அத ஏங் கேக்கறீங்க!" சுகுணா கையிலிருந்ததைக் கீழே போட்டாள். "எவன் கூப்ட்டாலும் போயிடறான். நேத்து குச்சி ஐஸ்காரன் பின்னாடியே மெயின் ரோடு வரைக்கும் போயிட்டான். அடிச்சா சிரிப்பு. ஏண்டா சிரிக்கறன்னா அதுக்கும் ஒரு சிரிப்பு. தின்னுப்புட்டு தின்னுப்புட்டு ஆயி போறான், அதுக்கு நீங்க வேற பெட்டிய தூக்கிட்டு வந்துட்டீங்க. சனியன், தாங்க முடியல."

பந்தலே சிரித்தது. பூட்டு திறந்துகொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் முந்திக்கொண்டாள். "அதாவது தேவலையே. எங்கூட்டுது சேலையப் புடிச்சா வுடாது. புது ஆள பாத்தா முந்தானைக்குள்ள பூந்துக்கும். கக்கூஸுக்கு கூட தனியா போவ வுடமாட்டேங்குது."

"அத ஏங் கேக்கற போ," என்றாள் இன்னொருத்தி. "எங்களுது ராங்கி. களியில உப்பு கம்மின்னா தட்டு பறக்கும். அவங்கப்பனே பயப்படறாரு."

தாளில் ஒரே மாதிரி 'அரிதாக' என்று கிடந்த குழந்தைகள் ஒவ்வொன்றாக எழுந்து தன் தன் முகத்தோடு வந்தன. ஒட்டிக்கொள்கிறது ஒன்று, ஒளிந்துகொள்கிறது ஒன்று, தட்டை வீசுகிறது ஒன்று. திட்டுகளை உற்றுக் கேட்டால் போதும். எந்த அம்மாவின் வசவில் எவ்வளவு சர்க்கரை என்பது கூடத் தெரிந்தது.

பேச்சு சுற்றி வந்து ராஜமேரியிடம் நின்றது.

"மேரிக்கா, உங்க ஆக்சி என்னா பாடு படுத்துது?"

ராஜமேரி ஒரு தக்காளியைப் புடவையில் துடைத்தாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த தக்காளி.

"ஒரு பாடும் படுத்தாதுங்க. ரொம்ப நல்ல புள்ள."

பந்தலில் கைகள் நின்றன. இத்தனை வாரத்தில் பனங்கொட்டாயில் எழிலரசி கேட்ட முதல் பாராட்டு அது.

"ஏ மேரி, வாய்வுட்டு அப்டி சொல்லாத" என்றாள் சுகுணா மெதுவாக.

"சொன்னா என்னா? கண்ணு பட்டா படட்டும். படறதுக்கு அங்க என்னா இருக்குது? எந்த எடத்துல உக்கார வெக்கறேனோ அந்த எடத்துலயே இருக்கும். அழாது. கேக்காது. ஒரு டம்ளரையாவது போட்டு ஒடைக்குமான்னு பாக்கறேன்." அவள் எழிலரசியிடம் திரும்பினாள். "கொற மாசத்துல பொறந்தது. கண்ணாடிப் பொட்டியில ரொம்ப நாளு வெச்சிருந்தாங்க, மருந்து மேல மருந்து. பொழச்சுது. அதுலருந்து மண்ணுல வுடறதில்ல, ஆட்டுகிட்ட வுடறதில்ல, தண்ணிய ரெண்டு தரம் காய்ச்சறேன். நீங்க அன்னிக்கி சொன்னீங்கல்ல, வவுத்துல இருக்கற பூச்சிங்கதான் சிரிக்க வெக்குதுன்னு. எங்கூட்டுதுகிட்ட அதுங்க செத்துப்போச்சா? நானே கொன்னுட்டனா?"

இதற்காகத்தான் அன்று அவள் வண்டி வரை வந்தாள். எழிலரசிக்கு இப்போதுதான் புரிந்தது. ஆமாம் என்றால் அந்தத் தாய் உடைந்துபோவாள். இல்லை என்றால் அது பொய்யாக இருக்கலாம். ஏற்கெனவே ஒரு தடவை யோசிக்காமல் வாயை விட்டாயிற்று.

"எனக்குத் தெரியலக்கா. பெரிய டாக்டருக்கும் இன்னும் தெரியாது. பூச்சி நெறைய இருக்கறதால புள்ள ஓடுதா, ஓடற புள்ள கண்டதையும் தொட்டு வாயில வெக்கறதால பூச்சி சேருதா, அதையே யாரும் இன்னும் கண்டுபுடிக்கல. அதுக்குத்தான் இந்தப் பெட்டி. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா ரிசல்ட் சொல்றது இதுல இல்லையாம், அன்னிக்கி நான் விசாரிக்காம சொல்லிட்டேன். ஆனா ஆக்சிய நான் பாக்கறேன். டாக்டர்கிட்டயும் கேக்கறேன்."

ராஜமேரி தலையை மட்டும் ஆட்டினாள்.

"வேணும்னா எங்க குருவுகிட்ட இருக்கறத பாதி இறக்கி வுட்டுக்க மேரி" என்றாள் சுகுணா. "எனக்கு அந்த மட்டும் மிச்சம்." ராஜமேரிக்கே சிரிப்பு வந்துவிட்டது, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆக்சிலியா பந்தலின் ஓரத்தில் ஒரு காலி கிரேடுக்குள் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் உயரம்கூட இல்லாத கிரேடு. எந்தக் குழந்தையும் ஒரு எட்டில் வெளியே வந்துவிடும். கையில் யாரோ கொடுத்த தக்காளி, கொடுத்தபடியே இருந்தது. எழிலரசி கொஞ்சம் தள்ளி மண்ணில் உட்கார்ந்து அவளைப் பார்த்தாள். வெகுநேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகுதான் கவனித்தாள். குரு ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு இந்தப் பக்கம் ஓடினால் ஆக்சிலியாவின் கண்கள் இந்தப் பக்கம் வந்தன. அந்தப் பக்கம் ஓடினால் அந்தப் பக்கம் போயின. குரு விழப்போகும் இடத்துக்கு, அவன் விழுவதற்கு முன்பே அவள் பார்வை போய்ச் சேர்ந்து காத்திருந்தது. எழிலரசி தாளை எடுத்து, எந்தக் கட்டத்திலும் சேராமல் ஓரத்தில் எழுதினாள்: 'பார்க்கிறாள். எல்லாவற்றையும் பார்க்கிறாள்.'

பனங்கொட்டாய் பட்டியலில் தங்கியது. ஓரத்தில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு டாக்டர் பிரியதர்ஷினி தாமே வந்தார். தருமபுரியில் ஒரு குழந்தை மருத்துவரிடம் ஆக்சிலியாவைக் காட்ட ஏற்பாடு செய்தார். காது நன்றாகக் கேட்கிறது, வளர்ச்சியும் பரவாயில்லை, எதற்கும் சில மாதம் கழித்துத் திரும்பக் கூட்டி வாருங்கள் என்றார்கள். "சில குழந்தைங்க தண்ணில கால் வெக்கறதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் கரையில நிக்கும்" என்றார் டாக்டர் பிரியதர்ஷினி, திரும்பும் வழியில். "உங்க பொண்ணு அந்த ரகமா இருக்கலாம். வேற எதாவதும் இருக்கலாம். பாப்போம். அதுவரைக்கும் அந்த ஃபினாயில் பாட்டில மட்டும் கொஞ்சம் ஒளிச்சு வைங்க. பொதுவா மண்ணு நல்லதுதான்." சிரிப்பதற்கு அது மருந்து என்று அவர் சொல்லவில்லை. ராஜமேரி கேட்டும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எழிலரசி வேறு ஊர்களுக்குப் போனாள். போகிற ஊரில் எல்லாம் வட்டத்தில் உட்கார்ந்து, முதலில் வசவுகளைக் கேட்டாள். கூடவே தாளையும் வாசித்தாள். இரண்டையும் தனித்தனியாகச் சென்னைக்கு அனுப்பினாள். குழாய்களில் என்ன இருந்தது என்ற கணக்கு இன்னும் முடியவில்லை. முடிய நாளாகும் என்றார்கள்.

மாங்காய் சீசன் தொடங்கியபோது ஒரு நாள் போன் அடித்தது. ராஜமேரி. பின்னால் ஏதோ தகரம் உருளும் சத்தம்.

"என்னாக்கா, நல்லாருக்கீங்களா? ஆக்சி எப்படி இருக்கா?"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. நீளமாக, நன்றாக இழுத்து விட்ட பெருமூச்சு.

"அத ஏங் கேக்கற எழிலு!"

எழிலரசி வண்டியை ஓரம் கட்டினாள்.

"மோர்ப் பானைய கவுத்துப்புட்டு அதுலயே உக்காந்துக்குனு எழுந்திரிக்க மாட்டேங்குதுடி. தூக்கப் போனா அந்த ஆட்டுக்குட்டிய கட்டிக்கிது. ரெண்டுத்துக்கும் மேலெல்லாம் மோரு. ஏய்... ஏய் சனியனே, அத வாயில வெக்காத! நான் அப்புறம் பேசறேன் எழிலு, இதுகூட மல்லுக்கட்ட என்னால முடியல."

"மேரிக்கா, வெச்சிடாதீங்க, ஒரே நிமிஷம்" என்று எழிலரசி அவசரமாகக் கூவினாள். "நான் நாளைக்கி வரேன். இன்னொரு குழாய் எடுத்துட்டு வரட்டுமா?"